தலைக்கணக்கு: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தமிழ்நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு? ஒரு செய்தியில் 7.21 கோடி என்று இருக்கும். இன்னொன்றில் 7.6 கோடி என்று இருக்கும். மேடைகளில் எட்டுக் கோடி என்பார்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் படித்தவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

இந்த மூன்றில் ஒன்றுதான் ஆட்களை எண்ணிப் பார்த்துச் சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைத்த 7,21,47,030 என்ற எண் அது. 7.6 கோடி என்பது 2021-ல் இவ்வளவு பேர் இருக்கக்கூடும் என்று மத்திய அரசின் நிபுணர் குழு கணித்த மதிப்பீடு. எட்டுக் கோடிக்குப் பின்னால் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை.

இப்போது மறுபடியும் வீடு வீடாக எண்ணும் வேலை வந்திருக்கிறது. 2025 ஜூன் 16-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, புதிய கணக்கெடுப்பின் ஆதார நாள் (எந்த நாளில் இருப்பவர்களை எண்ணுகிறார்களோ அந்த நாள்) 2027 மார்ச் 1. இதற்கு முந்தைய ஆதார நாள் 2011 மார்ச் 1. இடையில் 16 ஆண்டுகள். இதோடு சாதிவாரிக் கணக்கும், தொகுதி மறுவரையறைப் பேச்சும், வாக்காளர் பட்டியல் திருத்தமும் கலந்துவிட்டதால், எது எதற்கு என்று பலருக்கும் பிடிபடவில்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எண்ணுவது வேறு, மதிப்பிடுவது வேறு

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கல்லாவில் இருந்த பணத்தை எழுதி, வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால், இரவில் கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு இருக்கிறது என்பது கல்லாவைத் திறந்து எண்ணினால்தான் தெரியும்.

மக்கள்தொகை மதிப்பீடும் அப்படித்தான். கடைசியாக எண்ணிய தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு பிறப்பையும் உள்ளே வந்து குடியேறியவர்களையும் கூட்டுகிறார்கள். இறப்பையும் வெளியேறியவர்களையும் கழிக்கிறார்கள். பிறப்பு, இறப்புக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேடு இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்குப் பதிவேடு கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்து தங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த அலுவலகமும் அன்றாடம் குறித்து வைப்பதில்லை. அவர்களை ஊகித்துத்தான் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இந்த ஊகத்தால் பெரிய பிழை வராது. கல்லாவைத் திறக்காமல் பத்து, பதினைந்து ஆண்டுகள் போனால் பிழை மேல் பிழை சேர்ந்துவிடும்.

2023-ல் இந்தியா சீனாவை முந்தி உலகிலேயே அதிக மக்கள் வாழும் நாடானது என்று படித்தோமே, அதுவும் இப்படிப்பட்ட மதிப்பீடுதான். ஐ.நா. அமைப்பு அந்த ஆண்டு இந்தியாவுக்குச் சொன்ன எண் 142.86 கோடி. பொறுப்போடு போட்ட கணக்குதான், ஆனால் அதன் இந்தியப் பகுதி 2011-ல் எண்ணிய தொகையின் மேல் நிற்கிறது.

சரி, எண்ணுவது என்றால் என்ன?

ஆட்களை எண்ணுவது எளிது என்று தோன்றும். 140 கோடிப் பேரை, ஒருவரையும் விடாமல், ஒருவரையும் இரண்டு முறை சேர்க்காமல் எண்ண வேண்டும் என்றால் முதலில் சில விதிகளை உறுதியாக வகுத்தாக வேண்டும்.

1. ஒரு கணம். 2011-ல் அது பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறந்த நள்ளிரவு 12 மணி. அதற்கு ஒரு நிமிடம் முன்பு பிறந்த குழந்தை கணக்கில் உண்டு. ஒரு நிமிடம் பின்பு பிறந்தது இல்லை. வீடுகளுக்குப் போய் விவரம் எடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி போய், இடையில் நடந்த பிறப்பு இறப்புகளைத் திருத்தினார்கள். பனி மூடும் மலைப்பகுதிகளில் பிப்ரவரியில் வேலை நடக்காது என்பதால் அங்கு மட்டும் முந்தைய அக்டோபர் 1-ஐ வைத்துக்கொள்கிறார்கள். லடாக்குக்கும், ஜம்மு காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டின் பனிப்பகுதிகளுக்கும் இந்த முறை 2026 அக்டோபர் 1 ஆதார நாள்.

2. ஒரு வீடு. சாலையிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி வாசல் இருந்தால் அது கணக்கெடுப்பில் தனி வீடு. ஒரே கட்டடத்தில் இப்படிப் பல வீடுகள் இருக்கலாம்.

3. ஒரு குடும்பம். சேர்ந்து வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனியே உலை வைத்தால் இரண்டு குடும்பம். ரத்த உறவே இல்லாத நான்கு நண்பர்கள் அறை எடுத்துச் சேர்ந்து சமைத்தால் அவர்களும் ஒரு குடும்பம்தான். ரேஷன் அட்டை என்ன சொல்கிறது என்பது இங்கே பொருட்டில்லை.

4. ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒரு வட்டாரம். ஏறத்தாழ 650 முதல் 800 பேர் வாழும் அளவுக்கு ஊரைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வரைபடம் போட்டு, ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். பெரும்பாலும் அவர் பள்ளி ஆசிரியர். வட்டாரங்களின் எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. நடுவில் இடைவெளியும் விழக்கூடாது. கணக்கெடுப்புக்கு முன்பு மாவட்டம், வட்டம், ஊர் எல்லைகளை மாற்றக் கூடாது என்று மாநிலங்களுக்கு ஒரு கெடு வைப்பது இதற்காகத்தான். இந்த முறை அந்தக் கெடு 2025 டிசம்பர் 31.

5. எங்கே இருந்தீர்களோ அங்கே. ஊரில் வீடு இருக்கிறதா, ஓட்டு இருக்கிறதா என்பதல்ல கேள்வி. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி கோவையில்தான் எண்ணப்படுவார், அப்பா அம்மா இருக்கும் தேனியில் அல்ல. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் துபாயில் இருக்கும் கணவர், ஊரில் வீடும் ரேஷன் அட்டையும் இருந்தாலும், இந்தியக் கணக்கில் வரமாட்டார்.

வீடில்லாதவர்களுக்கு என்று ஒரு தனி இரவு ஒதுக்குவார்கள். 2011 பிப்ரவரி 28 இரவில் கணக்கெடுப்பாளர்கள் நடைபாதை, ரயில் நிலையம், கோயில் வாசல், பாலத்தடி என்று போய், அங்கே படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, எல்லா ஊரிலும் ஒரே இரவில் எண்ணுவது தவிர வேறு வழியில்லை. மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு மிக மதிப்பு தோன்றுவது இந்த இரவின் மேல்தான். முகவரி இல்லாததால் மற்ற அரசுப் பதிவுகளில் எளிதில் நுழைய முடியாத மனிதர், மற்ற எவரையும் போலவே இதில் ஒரு தலையாகச் சேர்கிறார்.

நான்கு பட்டியல்கள், நான்கு வேலைகள்

வாக்காளர் பட்டியல் 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர்ப்பட்டியல். அதில் பெயர் நீக்கப்பட்டதால் கணக்கெடுப்பில் விட்டுவிட மாட்டார்கள். கணக்கெடுப்பில் சேர்ந்ததால் ஓட்டும் வந்துவிடாது. ஆதார் என்பது வழங்கிய எண்களின் தொகுப்பு. இறந்தவர்களின் எண்கள் பல அதிலேயே தங்கிவிடுவதால், அதைக் கூட்டி மக்கள்தொகை சொல்ல முடியாது. ரேஷன் பட்டியல் பொருள் வழங்குவதற்கானது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1948-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி நடப்பது. அதன் 15-ஆம் பிரிவு முக்கியமானது. தனிநபர் படிவத்தை யாரும் பார்வையிட உரிமை இல்லை. நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகவும் காட்ட முடியாது. நீங்கள் சொல்லும் பதில் கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிடும். எனவே வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, என்ன சாதி என்று உள்ளதைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. 2010-ல் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப்பட்டியலை எடுத்தபோதே, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் சேர்த்து விவரம் வாங்கினார்கள். அந்தப் பதிவேடு குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் பெயர்கள் பெயர்களாகவே இருக்கும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாசலில் நின்று கேட்டதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் விழுந்துவிட்டது. சட்டப்படி அவை வேறு வேறு.

1881 முதல் தவறாத ஒன்று

1872-ல் முதல் முயற்சி நடந்தது. ஆனால் ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் எண்ணினார்கள். நாடு முழுக்க ஒரே சமயத்தில் எண்ணியது 1881-ல். அதிலிருந்து 2011 வரை பத்து ஆண்டுக்கு ஒரு முறை, 14 முறை நடந்திருக்கிறது. 1941-ல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க அட்டவணைகளைச் சுருக்கினார்களே தவிர, தலை எண்ணுவதை நிறுத்தவில்லை. 1951-ல் பிரிவினையின் காயம் ஆறாத நிலையிலும் எண்ணினார்கள். 36 கோடி என்று வந்தது.

ஓட்டையே இல்லாத வரிசை என்று சொல்லமாட்டேன். 1981-ல் அசாமில் கிளர்ச்சியால் நடத்த முடியவில்லை; 1991-ல் ஜம்மு காஷ்மீரில் முடியவில்லை. ஆனால் நாடு முழுமைக்கும் ஒரு பத்தாண்டு தவறியது 2021-ல்தான். 2020 ஏப்ரலில் தொடங்க வேண்டிய வீட்டுப்பட்டியல் வேலை கொரோனாவால் நின்றது. பெருந்தொற்று நேரத்தில் நிறுத்தியது சரி. தொற்று அடங்கிய பிறகும் எல்லைக் கெடுவை மீண்டும் மீண்டும் தள்ளிவைத்து ஆண்டுகளைக் கடத்தியதற்கு அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

இந்த எண்ணை நம்பி நிற்பவை

ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாட்டின் கிராமப்புற மக்களில் 75 சதவீதம் வரையும், நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் வரையும் மானிய விலையில் தானியம் பெறலாம். எத்தனை பேர் என்பதை, வெளியான கணக்கெடுப்பை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. 2011 எண்ணுக்கு அது 81.35 கோடிப் பேர். மக்கள் பெருகியும் அந்த மேல்வரம்பு அங்கேயே நின்றது.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். 81.35 கோடி என்பது 2011-ன் 121 கோடியில் ஏறத்தாழ 67 சதவீதம். அதே 67 சதவீதத்தை ஐ.நா. சொன்ன 142.86 கோடிக்குப் போட்டால் 95 கோடிக்கு மேல் வருகிறது. இடையில் நகரமயமாதலால் இந்தச் சதவீதம் கொஞ்சம் இறங்கும் என்று வைத்தாலும், பத்துக் கோடிக்குக் குறையாமல் மனிதர்கள் வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் தகுதி இல்லாதவர்கள் என்று யாரும் முடிவு செய்யவில்லை. புதிதாக எண்ணாததால் இடம் கிடைக்காதவர்கள். தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் அரிசி என்ற ஏற்பாடு இருப்பதால் இந்த இடி நேராக நம் மேல் விழவில்லை. ஜார்க்கண்டிலும் உத்தரப் பிரதேசத்திலும் அப்படி இல்லை.

அடுத்தது, மற்ற ஆய்வுகள். வேலையின்மை, வறுமை, குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றி வரும் புள்ளிவிவரங்கள் எல்லாம் மாதிரி ஆய்வுகள். எந்த ஊர், எந்தத் தெரு என்று மாதிரியைத் தேர்ந்தெடுக்க முழுப்பட்டியல் ஒன்று வேண்டும். அந்தப் பட்டியல் கணக்கெடுப்பிலிருந்துதான் வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு 2011-ன் பட்டியலை வைத்துத்தான் நடந்தது. 2011-ல் வயலாக இருந்து இப்போது அடுக்குமாடிகளாக நிற்கும் சென்னைப் புறநகரைப் பழைய பட்டியல் சரியாகக் காட்டாது.

நிதி ஆணையம் மாநிலங்களுக்கு வரிப் பங்கைப் பிரிக்கும்போதும் மக்கள்தொகைக்கு ஒரு பங்கு வைக்கிறது. 15-ஆவது நிதி ஆணையம் அதற்கு 2011 எண்ணை எடுத்துக்கொண்டு 15 சதவீத எடை கொடுத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு ஈடாக இன்னொரு 12.5 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கியது.

மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிக்கும் நாடாளுமன்ற இடங்கள் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன். 1962-ல் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள். 1967-ல் அது 39 ஆனது. 1976-ல் 42-ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது. அடுத்து வந்த 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தத்தை நீட்டித்தது. 1971-ல் நாட்டு மக்களில் தமிழ்நாட்டினர் 7.5 சதவீதம். 2011-ல் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 543-ல் 39 என்பது 7.2 சதவீதம். 2027 கணக்கெடுப்பு இங்கே இவ்வளவு பதற்றத்தைக் கிளப்புவதற்குக் காரணம் இந்த மூன்று சதவீதங்களும்தான்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்: வன்னி

கணக்கெடுப்பு தவறினால் புள்ளிவிவர வல்லுநர்களுக்குத்தானே சிரமம் என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும்.

அங்கே 1981-ல் நாடு முழுக்கக் குடிசன மதிப்பீடு (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அங்கே உள்ள பெயர்) நடந்தது. 1991-ல் போரால் நடக்கவில்லை. 2001-ல் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18-ல் மட்டுமே முழுமையாக முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி விடுபட்டது. மறுபடி நாடு முழுவதும் எண்ணியது 2012-ல். இடையில் 31 ஆண்டுகள். வட மாகாணத்தில் யார் பிறந்தார், யார் இடம்பெயர்ந்தார், யார் வெளிநாடு போனார், யார் இறந்தார் என்று முழுதாகச் சொல்லும் கணக்கு அந்தக் காலத்துக்கு இல்லை.

2009 தொடக்கத்தில், வடக்கில் போர் நடந்த வன்னியில் சுருங்கிக்கொண்டே போன நிலப்பரப்புக்குள் எத்தனை பொதுமக்கள் சிக்கியிருந்தார்கள்? அந்தப் பிப்ரவரியில் இலங்கை அரசு சொன்னது சுமார் 70,000. அங்கேயே நின்று பணியாற்றிய அரசு அதிகாரிகள் சொன்னது 3,30,000. உணவும் மருந்தும் அரசு ஒத்துக்கொண்ட எண்ணை ஒட்டித்தான் போயின. போர் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே சுமார் 2,90,000 பேர். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, அரசு வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று 2011 அறிக்கையில் எழுதியது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி அண்மையில் எடுத்த கணக்கு ஒன்று இருந்திருந்தால், 70,000 என்ற எண்ணைச் சொல்வதே கடினமாக இருந்திருக்கும்.

அதன்பின் ஒரு கழித்தல் கணக்கு வந்தது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசின் ஆணைக்குழு முன்பு போய், இரண்டு எண்களை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி கச்சேரிகளின் (மாவட்ட அரசு அலுவலகங்களின்) பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. அதற்குப் பிறகு 2009 ஜூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐ.நா. அலுவலகக் கணக்குப்படி, 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். இத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் என்றார். கச்சேரிப் பதிவு நிவாரணத்துக்காகக் கூட்டி எழுதியதாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்ல முடிந்தது. அந்த வாதத்தை ஒரேயடியாக முடித்துவைக்கும் குடிசன மதிப்பீடு கையில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் எல்லாரும் இன்றுவரை இந்த இடத்தில் வந்துதான் முட்டி நிற்கிறார்கள்.

கூட்டி எண்ணினால் என்ன ஆகும்: நாகாலாந்து

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. நாகாலாந்தின் மக்கள்தொகை 1991-ல் 12.1 லட்சம். 2001-ல் 19.9 லட்சம். பத்தே ஆண்டில் 64 சதவீத வளர்ச்சி! மாநில அரசே அந்த எண்ணை ஏற்க மறுத்தது. 2011-ல் கவனமாக எண்ணியபோது 19.8 லட்சம்தான் வந்தது. வளர்வதற்குப் பதில் பதினோராயிரத்துக்கு மேல் குறைந்திருந்தது. சட்டமன்றத் தொகுதிகளும் நிதியும் தலைக்கணக்கைப் பொறுத்தே அமையும் என்று தெரிந்ததும், ஊருக்கு ஊர் போட்டி போட்டு, வெளியூரில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து எழுதியதே 2001-ன் வீக்கத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

2027-க்கு இது நேரடி எச்சரிக்கை. இந்த முறை இடங்களும் சாதிவாரிப் பங்கும் இந்த எண்ணைப் பொறுத்தவை என்று எல்லாருக்கும் தெரியும். நம் ஊரின் எண்ணை நாம் ஊதினால் பக்கத்து ஊரும் ஊதும். கடைசியில் ஒருவரும் நம்பாத ஒரு தாள்தான் மிஞ்சும்.

எந்த எண்ணில் எவ்வளவு பிழை?

கணக்கெடுப்பு முடிந்ததும் சில வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி, மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். தன் பிழையைத் தானே அளந்து வெளியிடும் பழக்கம் இது. 2011-ல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் சுமார் 2.8 கோடிப் பேர்! பெரிய எண்தான், ஆனாலும் பிழையின் அளவு தெரிந்திருப்பதால் அந்த மொத்தத்தை நம்பிப் பயன்படுத்த முடிகிறது.

எல்லாப் பதில்களும் ஒரே தரமானவை அல்ல:

1. மொத்தத் தொகை, ஆண் பெண் எண்ணிக்கை. உறுதியானவை.

2. வயது. எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. பிறந்த தேதி தெரியாத பெரியவரிடம் வயது கேட்டால் "ஒரு அறுபது இருக்கும்" என்பார். 59-ம் 61-ம் யாரும் சொல்வதில்லை. அதனால் 30, 35, 40, 45 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்திருப்பார்கள். இதைச் சரிசெய்யத்தான் ஐந்தைந்து ஆண்டுத் தொகுப்பாக அட்டவணை போடுகிறார்கள்.

3. சாதி. இதுவரை மிகக் கடினமாக இருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி விவரம் 1951 முதல் ஒவ்வொரு முறையும் எடுக்கிறார்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931-ல். அப்போது வந்த சாதிகள் 4,147. 2011-ல் தனியாக நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்கள் வந்தன என்று 2021-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அத்தனை சாதிகள் இல்லை. சாதி, உட்பிரிவு, பட்டப்பெயர், குலப்பெயர் என்று அவரவர் சொன்னதை அவரவர் எழுத்தில் எழுதிக்கொண்டதால் வந்த வினை. அந்தச் சாதி விவரம் வெளியாகவே இல்லை.

2025 ஏப்ரல் 30-ல் மத்திய அரசு கணக்கெடுப்போடு சாதியையும் சேர்க்க முடிவெடுத்தது. அது பயன் தருமா என்பது கேட்பதா வேண்டாமா என்பதோடு முடியவில்லை. முன்கூட்டியே ஒழுங்கான சாதிப் பட்டியல் தயாரித்து, கணக்கெடுப்பாளரின் செயலியில் அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தால் விவரம் தேறும். வெற்றுக் கட்டத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால் 46 லட்சம் கதைதான் திரும்பும்.

இரண்டு கட்டங்கள், நாம் கவனிக்க வேண்டியவை

முதல் கட்டம் வீட்டுப்பட்டியல். அறிவிப்பின்படி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், அந்தந்த மாநிலம் தேர்ந்தெடுக்கும் 30 நாட்களில். சுவர், கூரை, குடிநீர், கழிப்பறை, வீட்டில் உள்ள பொருட்கள் பற்றிய 33 கேள்விகள். ஆட்களின் வயது, கல்வி, வேலை, மொழி, சாதி எல்லாம் இரண்டாம் கட்டத்தில், 2027 பிப்ரவரியில். காகிதத்துக்குப் பதில் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வது இதுவே முதல் முறை. குடும்பமே இணையத்தில் முன்கூட்டி நிரப்பும் வழியும் உண்டு. நிரப்பியிருந்தாலும் கணக்கெடுப்பாளர் வந்து சரிபார்ப்பார்.

வாசலுக்கு வருகிறவரிடம் குடும்பத் தலைவர் அவசரத்தில் பதில் சொல்லும்போது யார் விடுபடுகிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான். கைக்குழந்தைகள் விடுபடுகிறார்கள். உள்ளறையில் படுத்திருக்கும் முதியவர், வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண், மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் குடும்பம் என்று பட்டியல் நீளும். கணக்கெடுப்பாளர் வரும்போது, வீட்டில் நேற்று இரவு தூங்கியவர்கள் யார் யார் என்று ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் யாரும் விடுபட மாட்டார்கள். பெயர் வைக்காத குழந்தையும் சேரும்.